குயில் கூவும், மயில் அகவும், சின்சில்லா…?

பள்ளிக்கூடத்தில் ஒலி மரபு என்று ஒரு பாடம் எல்லோரும் படித்திருப்போம். குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், வண்டு முரலும். என் மகள் அதை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள், நடுவில் நிறுத்திக் கூண்டைப் பார்த்தாள். "அப்பா, சின்சில்லா என்ன செய்யும்?" என்றாள். "கீச்சிடும்" என்றேன் சட்டென்று. கொறிக்கிற பிராணிதானே, எலிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தாதா என்ற நினைப்பு.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அது குரைத்தது.

உண்மையாகவே குரைப்புதான். ரப்பர் பொம்மையை அழுத்தி விட்டால் ஒரு சத்தம் வருமே, அதையும் ஒரு குட்டி நாயின் குரலையும் சேர்த்துக் குழைத்தால் வரும் சத்தம். ஒரு முறை இல்லை. பத்துப் பன்னிரண்டு முறை, ஒரே சீராக, இடைவெளி விட்டு. அம்மா எழுந்து வந்து, "வாசக்கதவைச் சாத்தலையாடா? நாய் உள்ள வந்திருக்கு பாரு" என்றாள். டார்ச்சை அடித்தால், கூண்டின் மேல் தட்டில் எங்கள் சின்சில்லா பஞ்சு பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கிறான். காது இரண்டும் விறைத்திருக்கின்றன. ஒவ்வொரு குரைப்புக்கும் அரைக் கிலோ உடம்பு மொத்தமும் ஒரு முறை குலுங்குகிறது. பக்கத்துக் கூண்டில் மின்னி மண் பொம்மை மாதிரி உறைந்து போய் உட்கார்ந்திருக்கிறாள்.

பஞ்சு ஆண், 540 கிராம். மின்னி பெண், 610 கிராம். சின்சில்லாவில் பெண்தான் உருவத்திலும் அதிகாரத்திலும் பெரியது. குடும்பம் பெருக வேண்டாம் என்று அடுத்தடுத்த கூண்டுகளில் வைத்திருக்கிறேன். வாங்குவதற்கு முன்பு எல்லோரும் சொன்னது ஒன்றே: சத்தமே போடாது, வீட்டில் இருப்பதே தெரியாது. சொன்னவர்கள் எல்லோரும் பகலில் மட்டும் பார்த்தவர்கள் போலிருக்கிறது.

அந்தக் குரைப்பு அபாய அறிவிப்பு. சின்சில்லா தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காரன். பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழ்கிற பிராணி. ஒரு கூட்டத்தில் நூறு வரைக்கும்கூட இருக்கலாம். இரவில் வெளியே வரும்போது கீழே நரி, மேலே ஆந்தை. எவன் முதலில் பார்க்கிறானோ அவன் குரல் கொடுக்க வேண்டும். கேட்டவன் அசையக் கூடாது. மின்னி உறைந்து போனதற்கு அதுதான் காரணம். என் வீட்டில் நரி இல்லை. ஆனால் பஞ்சுவின் தலைக்குள் நரி இருக்கிறது, அதை நான் எடுக்க முடியாது. தூக்கத்திலிருந்து விருட்டென்று எழுந்துகூடக் குரைப்பான். கெட்ட கனவு என்று என் மகள் முடிவு கட்டிவிட்டாள். எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்காததால் நானும் ஒப்புக்கொண்டேன்.

முதல் சில நாட்கள் நான் செய்தது எல்லாம் தப்பு. ஓடிப் போய் ட்யூப்லைட்டைப் போட்டேன், "ஏய், சும்மா இரு" என்று அதட்டினேன். நரிக்குப் பயந்தவன் எதிரில் இன்னொரு நரி வந்து நின்ற கதை. இப்போது விளக்கைத் தொடுவதில்லை. கூண்டருகே போய் உட்கார்ந்து, தணிந்த குரலில் ஏதாவது பேசுவேன். மின்சாரக் கட்டணம், நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை, எதுவானாலும் சரி. குரைப்பின் இடைவெளி நீளும், பிறகு ஒற்றைக் குரைப்பு, பிறகு பாதிக் குரைப்பு. காது தளர்ந்ததும் நான் எழுந்து வந்துவிடலாம்.

மகள் ஒரு நோட்டுப் போட்டாள். மூன்று பத்தி: நேரம், ஒலி, காரணம். முதல் பத்தியை நிரப்புவது சுலபம். இரண்டாவதற்கு அகராதியே போதவில்லை. மூன்றாவதில் முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் கேள்விக்குறிதான். இடையிடையே சில விடைகளும் இருந்தன: வாஷிங் மெஷின் முடிந்ததும் போடும் பீப், பிளாஸ்டிக் பை கசங்கும் சரசரப்பு, ஒரு முறை சுவர்ப் பல்லி.

இந்தப் பிராணியிடம் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் எது என்று கேட்டால், கேட்டும் கேட்காமலும் இருக்கிற ஒன்றைத்தான் சொல்வேன். மூக்காலேயே, வாயைத் திறக்காமல், "உங்… உங்… உங்" என்று. வேலை மும்முரத்தில் இருக்கிற பெரியவர்கள் தாங்களே அறியாமல் முனகிக்கொள்வார்களே, அந்த மாதிரி. ஆரம்பத்தில் இதை வயிற்று இரைச்சல் என்றுதான் நினைத்தேன். விளையாட வெளியே விட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் வராது, முறை வைத்துத்தான் விடுவேன். பஞ்சு சோபாவுக்கு அடியில் போய் மறைந்ததும் கூண்டிலிருந்து மின்னி "உங்" என்பாள். சோபாவுக்கு அடியிலிருந்து பதில் வரும். ஐந்து நொடி, மறுபடி "உங்". பாறை இடுக்குகளில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இருட்டில், "இருக்கியா?", "இருக்கேன்" என்று கேட்டுக்கொள்கிற வேலை. இதைத் தொடர்புக் குரல் என்பார்கள். ஒரு நாள் நான் தரையில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது, பஞ்சு என் முதுகில் ஏறி இறங்கி, காதருகே வந்து அதே "உங்" சொன்னான். நானும் சொல்லிப் பார்த்தேன். திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். உச்சரிப்பு சரியில்லை போல.

இதற்கு நேரெதிர், "கக்". தொண்டையில் எதையோ காறுவது மாதிரி, வறண்ட, சட்டென்று வெட்டுகிற ஒலி. தூங்குகிறவளை எழுப்பினால் "கக்". கூண்டைச் சுத்தம் செய்யக் கையை நீட்டினால் "கக்". அர்த்தம் "தள்ளிப் போ" என்பதுதான், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இரண்டாவது "கக்" வந்த பிறகும் கையை எடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்துகொண்டேன். மின்னி பின்னங்கால்களில் எழுந்து நின்றாள். கொஞ்சம் கும்பிடுகிற தோற்றம்; அழகாக இருக்கிறதே என்று குனிந்தேன். மூக்குக்கண்ணாடியின் இரண்டு கண்ணாடியிலும் சமமாகச் சிறுநீரைப் பீய்ச்சினாள். பெண் சின்சில்லாவின் கடைசி ஆயுதம் அது, குறி தப்பாது. அம்மா ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

அப்புறம் அந்த விக்கல். பஞ்சு சில இரவுகளில் தாழ்ந்த குரலில் குழைவாக ஏதோ பாடிவிட்டு, பிறகு தொடர்ந்து விக்குவான். "தண்ணி வைடா, விக்குது பாரு" என்பாள் அம்மா. தண்ணீர் பாட்டில் நிறைந்தே இருக்கும். ஆண் சின்சில்லா இணை சேர்ந்து முடித்ததும் எழுப்புகிற சத்தம் அது. பக்கத்தில் பெண் இல்லாவிட்டாலும், மெத்தென்ற ஒரு கம்பளித் துணி போதும். நோட்டில் மகள் காரணத்தைக் கேட்டபோது "தாகம்" என்று எழுதச் சொன்னேன். அந்த நோட்டிலேயே நான் அறிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான்.

குட்டிகளின் சத்தத்தை ஒரே ஒரு முறை, பஞ்சுவை வாங்கப் போன வீட்டில் கேட்டேன். 111 நாள் வயிற்றில் இருந்துவிட்டு வருவதால், பிறக்கும்போதே முழு முடியும் திறந்த கண்ணுமாக வருகின்றன. பால் குடிக்க இடம் பிடிக்க அவை போடும் சண்டையைத்தான் "கீச்சிடும்" என்று தாராளமாகச் சொல்லலாம். ஆக, மகளுக்கு நான் சொன்ன விடை முழுத் தப்பு இல்லை. வயதுதான் தப்பு.

இதுவரை சொன்னதெல்லாம் வாயாலும் மூக்காலும் எழுப்புகிற ஒலிகள். என்னை நிஜமாகவே தடுமாற வைத்தது பல்லால் எழுப்புகிற ஒலி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் கோட்டை விட்டேன்.

சின்சில்லாவின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டும் இல்லை, கடைவாய்ப் பல்லும்தான். புல்லை அரைத்து அரைத்துத் தேய்த்தால்தான் அளவாக இருக்கும். தாடைக்கு அடியில் விரலால் சொறிந்து கொடுத்தால் பஞ்சு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பல்லை மெல்ல உரசுவான். காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும். விரல் நுனியில் ஒரு நடுக்கமாகத் தெரியும். பூனை சுகத்தில் குறுகுறுக்குமே, அதற்கு இணையான சங்கதி. ஆனால் கோபம் வந்தாலும் பல்தான் பேசும். அப்போது சத்தம் பெரிதாக, கடகடவென்று, கூண்டுக்கு வெளியிலும் கேட்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு. நறநற. வலி.

சொறிந்து கொடுக்கும்போது வருவதும், வலியில் வருவதும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நான் ஒரு பத்து நாள், பஞ்சு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் தொடாமலே, மூலையில் உட்கார்ந்து பல்லை உரசுகிறான், நம்ம வீடு அவ்வளவு பிடித்துவிட்டது! குரைப்பதையும் நிறுத்திவிட்டான், வீடும் பழகிவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நோட்டில் அந்தப் பத்து நாளும் காலியாகக் கிடந்தன. பத்தாம் நாள் தாடைக்கு அடியில் விரலை வைத்தேன், முடி ஈரமாக இருந்தது. எச்சில். தராசில் வைத்தால் 485 கிராம்.

முதலில் பார்த்த மருத்துவர், இது அமைதியான பிராணி, சத்தம் போடாமல் இருப்பது இயல்புதான் என்று சொல்லி வைட்டமின் எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, பத்து நாளாக நானும் அதையேதானே நம்பினேன். சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய இன்னொருவர், வாய்க்குள் கருவியை விட்டுப் பார்த்த உடனே சொன்னார்: கடைவாய்ப் பல் தேயாமல் முள் மாதிரி வளர்ந்து நாக்கைக் குத்துகிறது. மயக்க மருந்து கொடுத்துத் தேய்த்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குப் புல் மாவைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரமாக ஊட்டினேன். முன்பற்கள் பார்க்கச் செம்மஞ்சள் நிறத்தில் ஜோராக இருந்ததால் பல்லில் கோளாறு இருக்கும் என்று தோன்றவே இல்லை. அந்த நிறம்தான் ஆரோக்கியம் என்று படித்திருந்தேன். உள்ளே இருப்பதை முன்பல் சொல்லாது.

அதற்குப் பிறகு சத்தத்தைத் தனியாகக் கேட்பதை விட்டுவிட்டேன். நறநறவென்று கேட்டால் காதோடு சேர்த்துக் கண்ணையும் அனுப்ப வேண்டும். உடம்பு தளர்ந்து கிடக்கிறதா, உருண்டையாகக் குறுகி உட்கார்ந்திருக்கிறதா? கண் சொருகியிருக்கிறதா, இறுக்கி மூடியிருக்கிறதா? காலையில் கூண்டுத் தட்டில் புழுக்கை வழக்கமான அளவில் இருக்கிறதா, குறைந்து சிறுத்துப் போயிருக்கிறதா? வாராவாரம் தராசு. அவன் குரலுக்குப் பக்கத்தில் அவன் எடையையும் எழுதுகிற பழக்கம் நோட்டில் அப்போது வந்ததுதான்.

தும்மலும் அப்படித்தான். மணல் குளியலில் புரண்டு எழுந்ததும் இரண்டு தும்மல் போட்டால் அது தூசு. ஒரு மயிர்க்காலில் 50-க்கும் மேற்பட்ட முடிகள் முளைக்கிற அடர்த்தி; தண்ணீர் பட்டால் எளிதில் காயாது என்பதால் நுண்ணிய எரிமலைத் தூளில் புரண்டுதான் குளிக்கும். அதே தும்மல் குளிக்காத நேரத்தில், மூக்கு ஈரத்தோடு வந்தாலோ, மூச்சோடு ஒரு கிளிக் ஒலியோ இழுப்போ கேட்டாலோ, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நாம் அவற்றைக் கேட்கிற அதே நேரத்தில் அவை நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன, நம்மைவிட நன்றாகவே. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சின்சில்லாவுக்கு ஏறத்தாழ 33,000 வரை எட்டும். அதோடு, உட்காதில் இருக்கிற நத்தை எலும்பின் அமைப்பு மனிதனுடையதை ஒத்திருப்பதால், செவிப்புலன் ஆய்வுக் கூடங்களில் பல பத்தாண்டுகளாக இதைத்தான் வைத்துச் சோதித்தார்கள். அதில் ஒரு ஆய்வு என்னை விட்டு நீங்கவே இல்லை. 1975-ல் பட்ரீசியா குல், ஜேம்ஸ் மில்லர் என்ற இருவர் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. ஆங்கிலத்தின் 'ட' ஒலியில் தொண்டை அதிராத வகை ஒன்று, அதிர்கிற வகை ஒன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். 'டாக்டர்' என்று எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து ஒரு ஒலி, அடுத்து வரும் ட வேறு ஒலி. வாய்க்குத் தெரியும், எழுத்துக்குத் தெரியாது. சின்சில்லா தண்ணீர்க் குழாயில் வாய் வைத்திருக்கும்போது இந்த ஒலிகளைப் போட்டார்கள். ஒன்றுக்குத் தடுப்பைத் தாண்டி ஓட வேண்டும், இன்னொன்றுக்கு நிம்மதியாகக் குடிக்கலாம். ஓடாவிட்டால் மின்னதிர்ச்சி என்பதைப் படித்தபோது பஞ்சுவின் முகம் கண்ணில் வந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் முடிவு வியப்பானது: இரண்டு ஒலிக்கும் நடுவில் கோடு கிழிக்கச் சொன்னால், ஆங்கிலம் பேசும் மனிதர்கள் எங்கே கிழித்தார்களோ, கிட்டத்தட்ட அங்கேயேதான் சின்சில்லாவும் கிழித்தது. அந்தக் கோடு மனித மொழிக்காகவே உண்டான ஏற்பாடு என்று நினைத்தவர்கள் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

அதைப் படித்த அன்று கூண்டருகே போய் "டாக்டர்" என்று தெளிவாக உச்சரித்தேன். மின்னி "கக்" என்றாள்.

பிராணிகளை வாயில்லா ஜீவன் என்று சொல்வோம். எனக்கு அந்தத் தொடரில் இப்போது நம்பிக்கை போய்விட்டது. ஆனால் ஒரு இடத்தில் அது அப்படியே பொருந்துகிறது: வெப்பம். 25 டிகிரிக்கு மேல் போனாலே இவற்றுக்கு ஆபத்து தொடங்கும். வியர்க்காது. அடர்ந்த முடி வெப்பத்தை விடாது. வெளியேற்ற இருக்கிற முக்கியமான வழி பெரிய மெல்லிய காதுகள்தான். 1923-ல் மத்தியாஸ் சேப்மேன் என்ற சுரங்கப் பொறியாளர் பதினோரு சின்சில்லாக்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். இன்று வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அவற்றின் வழி வந்தவை. மலையிலிருந்து மெல்ல மெல்ல இறக்கிப் பழக்கி, கூண்டுகளைப் பனிக்கட்டியால் குளிர்வித்துத்தான் அவரால் கொண்டுபோக முடிந்தது. அத்தனை தலைமுறைக்குப் பிறகும் உடம்பு மாறவில்லை. வெயில் தாங்காதபோது சின்சில்லா குரைக்காது, "கக்" சொல்லாது. காது சிவந்து, பக்கவாட்டில் படுத்துவிடும். போன வருடம் ஒரு மதியம் மின்சாரம் போனபோது கூண்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்பதுதான் என்னை எழுந்து ஓட வைத்தது. மின்னியின் காது இளஞ்சிவப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. குளிரவைத்த கருங்கல் பலகையை உள்ளே வைத்து, கூண்டை வீட்டின் குளிர்ந்த அறைக்கு நகர்த்தி, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். கடைசியில் கல்லின் மேல் சப்பென்று படுத்தவள், என் கை நெருங்கியதும் "கக்" என்றாள். அவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதில்லை.

ஒலி மரபுப் பட்டியலில் கடைசியாகச் சின்சில்லா என்று எழுதி, அதன் எதிரே "முனகும்" என்று போட்டு அடித்து, "குரைக்கும்" என்று போட்டு அடித்து, "விக்கும்", "நறநறக்கும்" என்று மேலும் இரண்டை அடித்து, என் மகள் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். ஒலி நோட்டு மட்டும் தொடர்கிறது. நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து, விளக்கைப் போடாமல் பூனை நடை நடந்து, வழியில் இருந்த மணல் குளியல் டப்பாவை உதைத்துவிட்டேன். காலையில் நோட்டைப் பார்த்தேன். அவள் எப்போது விழித்தாள் என்று தெரியவில்லை. குண்டு குண்டான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது.

2.10. குரைப்பு, பதினான்கு முறை. காரணம்: அப்பா.